விற்றுப்போன நடை

திரையில் லாந்தர் இடது காலை ஊன்றும்போது தோள் ஒரு பக்கம் சரிய வேண்டும். சரிந்தது. ஆனால் கையிலிருந்த விளக்கு கொஞ்சம் முந்திக்கொண்டு ஆடியது. பாத்திரங்களுக்கு அசைவு கொடுக்கிற அவள், காட்சியைப் பின்னுக்கு இழுத்து விளக்கின் பிடியைச் சரிசெய்தாள். கீழே டயர் கடையில் காற்றடிக்கும் மெஷின் தடதடத்தது. அது ஓடினால் மாடியில் எல்லா மேசையும் நடுங்கும்.

"போதும்க்கா. அவங்க விளக்கைப் பார்க்கவா போன் பண்றாங்க? உண்டா இல்லையான்னு சொல்லத்தானே" என்றான் புலம்பல். புரோகிராம் எழுதுகிறவன். வாயைத் திறந்தால் புலம்பல்தான் என்பதால் அந்தப் பெயர்.

"நல்லதா ஒரு வார்த்தை சொன்னா உன் பல்லு கொட்டிடுமா?"

கம்பெனியை ஆரம்பித்தவனைக் கேப்டன் என்பார்கள். அவன் காலையிலிருந்து முகத்தைக் கழுவிக் கழுவித் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவர்கள் செய்த முதல் கம்ப்யூட்டர் கேமில் லாந்தர் ஓர் இரவுக் காவல்காரர். வெள்ளம் ஏறிய ஊரில் விளக்கோடு வீடு வீடாகப் போய் ஆட்களை எழுப்புவார். ஒரு கால் இழுக்கும். அந்த நடை அவள் வீட்டுக்காரருடையது. குடோனில் சுமை இறக்கிக்கொண்டிருந்தபோது மரப்பெட்டி சரிந்து கால் நசுங்கியவர். இப்போது தெருமுனையில் சாவி போடுகிறார். இதே மாடி வராந்தாவில் அவரை நடக்கச் சொல்லி வீடியோ எடுத்துத்தான் லாந்தருக்கு நடை கொடுத்தாள். கேம் நன்றாக விற்றது. வெளியிட்ட பெரிய கம்பெனி இரண்டாம் பாகம் கேட்டது. அது தொடருமா என்று இன்று சொல்வார்கள். தொடர்ந்தால்தான் இவர்களுக்குச் சம்பளம்.

வீடியோ அழைப்பு வந்தது. திரையில் ஒரு பெண் தெரிந்தாள். அந்தக் கம்பெனியில் வேலை பார்க்கிறவள். இவர்கள் பாஷைதான்.

"அனுப்பினதைப் பார்த்தோம். அழகா இருக்கு. ஆனா மேல இருக்கிறவங்க, இந்தப் பாகத்துலயாவது அவர் ஓடமாட்டாரான்னு கேட்கறாங்க."

"அவருக்குக் கால் சரியில்லைங்க மேடம்" என்றான் கேப்டன்.

"ஒரு ஆபரேஷன் பண்ணிட்டதா கதையில வெச்சிடுங்கன்னு போன தடவையே சொன்னேனே."

"ஓடினா அது லாந்தர் இல்லைங்க."

திரையிலிருந்தவள் தலை குனிந்துகொண்டாள். "அப்படின்னா நிறுத்திடலாம்னு முடிவு பண்ணிட்டாங்க."

"சரிங்க. நாங்களே எப்படியாவது முடிச்சுக்கறோம்."

"முடியாதுங்க. பேரு, ஆளு, அவரோட அசைவு எல்லாமே கம்பெனியோடது. முதல் பாகத்துக்கே எழுதிக் கொடுத்திருக்கீங்க."

"அசைவுன்னா?" என்று இவள் கேட்டாள்.

"நடைங்க. அதை வெச்சுத்தானே எல்லாரும் அவரை அடையாளம் சொல்றாங்க. நடக்கவெச்சு எடுத்த வீடியோவையும் எங்களுக்கு அனுப்பிட்டு அங்க அழிச்சிடணும்."

"வேற யாரையாவது வெச்சு நீங்க செய்யப் போறீங்களா?"

"இப்போதைக்கு இல்ல. அப்படியே வெச்சிருப்போம்." குரலைத் தாழ்த்திச் சொன்னாள்: "எனக்கு ரொம்பப் பிடிச்ச நடைங்க அது. என் கையில எதுவும் இல்ல."

திரை கறுத்தது.

"தானும் செய்ய மாட்டாங்க, நம்மளையும் செய்ய விடமாட்டாங்க" என்றான் புலம்பல். யாரும் அவனை அடக்கவில்லை. கேப்டன் மறுபடி முகம் கழுவப் போனான்.

சாயங்காலம் அவள் சாவிக் கடைக்குப் போனபோது, வீட்டுக்காரர் அரத்தை நிறுத்தாமலே நிமிர்ந்து பார்த்தார்.

"நின்னுபோச்சா?"

"நின்னுபோச்சுங்க. இந்த மாசச் சம்பளம் வரும். அதுக்கப்புறம் என்னன்னு கேப்டனுக்கே தெரியல."

"சரி, பார்த்துக்கலாம். அதுக்கு மட்டும் உன் முகம் இப்படி ஆகாதே."

"உங்க நடையை இனிமே நாங்க தொடக்கூடாதாம். அது அவங்களோடதாம்."

அவர் சாவியை ஊதித் தூளைத் தட்டினார். "அப்போ இன்னைக்கு வீட்டுக்கு எப்படிப் போறது? தூக்கிட்டுப் போறியா?"

அவளுக்குச் சிரிப்பு வந்தது. சிரித்து முடிப்பதற்குள் கண் கலங்கிவிட்டது.

"இந்தக் காலைப் பார்த்துத்தான் குடோன்ல நாளையிலேர்ந்து வராதேன்னாங்க" என்றார் அவர். "இப்போ இதையே பூட்டி வெச்சுக்க ஒரு கம்பெனி. பரவால்ல, கிராக்கி ஏறியிருக்கு."

மறுநாள் வீடியோக்களை அழிப்பதற்கு முன் ஒருமுறை பார்க்கலாம் என்று ஓடவிட்டாள். வராந்தாக் கோடியிலிருக்கும் கண்ணாடிக் கதவிலிருந்து அவர் நடந்து வருகிறார். அவரைப் பார்த்தபடி செல்போனோடு அவள் பின்பக்கமாக நடந்திருக்கிறாள்.

"அக்கா, அவருக்குப் பின்னாடி கண்ணாடியில யாரு, பேய் மாதிரி?" என்றான் புலம்பல்.

"நான்தான்டா."

"கையை ஏன் நீட்டறீங்க?"

அவள் இத்தனை நாளும் அவர் காலை மட்டுமே பார்த்திருந்தாள். இப்போதுதான் கண்ணாடியைப் பார்த்தாள். அவர் சரியும்போதெல்லாம் அதிலிருந்தவளும் சரிந்தாள். செல்போன் இல்லாத கை அவரைப் பிடிக்கப்போவதுபோல் நீண்டது. அவர் நிமிர்ந்ததும் ஒன்றும் நடக்காததுபோல் திரும்பியது. அப்படிச் செய்தது அவளுக்கே தெரியாது.

"கேப்டன், இங்க வாங்க. இதையும் வித்துட்டோமா?"

கேப்டன் குனிந்து பார்த்தான். வீடியோவை மறுபடி ஓடவிட்டான். "இல்லக்கா. அவங்க வாங்கினது மாமா நடையை. நீங்க நடக்கறது நமக்கே இப்போதானே தெரியுது."

"புது கேம்ல ஒரு பொண்ணு விளக்கைப் பிடிச்சுக்கிட்டுப் பின்பக்கமா நடக்கணும்" என்று புலம்பல் ஆரம்பித்தான். "போற வழி தெரியாது. விளக்கு பின்னால வர்றவருக்கு. அவரைக் காட்டவே வேண்டாம். காலடிச் சத்தத்தை வெச்சே அவர் தடுமாறறது தெரியணும். தெரிஞ்சா கையை நீட்டணும்."

"லாந்தரோட காலடிச் சத்தமும் அவங்களோடது இல்லையா?"

"அது அவங்க ஆபீஸ்ல யாரோ பலகையைத் தட்டி எடுத்தது. மாமா செருப்பு இல்ல."

"டேய், நீ இன்னும் புலம்பவே இல்லையே."

"இது நல்லா வந்துடுமோன்னுதான்க்கா பயமா இருக்கு."

அடுத்த வாரம் கேப்டன் ஒரு டிரைவிங் ஸ்கூலுக்குப் பாடப்படம் செய்கிற வேலையைப் பிடித்து வந்தான். காலையெல்லாம் சிக்னலும் வளைவும் வரைந்தார்கள். வாடகைக்கும் அரைச் சம்பளத்துக்கும் அது போதும். மத்தியானத்துக்கு மேல் தங்கள் கேம். பாதிச் சம்பளத்துக்கு முழு வேலையா என்று புலம்பியபடியே, புலம்பல்தான் தினமும் முதலில் வந்தான்.

அவள் நடப்பதைப் படம் பிடிக்கிற நாளன்று வீட்டுக்காரர் கடையைச் சீக்கிரம் அடைத்துவிட்டு வந்தார். எதிரில் அவர் வந்தால்தான் அவளுக்கு அந்த நடை வரும். டயர் கடைக்காரர் மெஷினை நிறுத்திவிட்டு, "சீக்கிரம் முடிங்க, வண்டி நிக்குது" என்று கீழிருந்து குரல் கொடுத்தார். வீட்டுக்காரருடைய கணுக்காலில் சின்ன மைக்கைக் கட்டினார்கள். அவள் விளக்கைத் தூக்கிப் பிடித்தாள். அவரை ஒட்டி நடந்தபடி கேப்டன் கேமராவை அவள் பக்கம் வைத்திருந்தான்.

"மாமா, உங்க கால் தெரியுது. கொஞ்சம் தள்ளுங்க" என்றான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்த புலம்பல்.

"இன்னும் எங்கப்பா தள்றது? சுவர் இருக்கு."

"துளிகூட தெரியக் கூடாது மாமா. தெரிஞ்சா வம்பு."

அவர் சுவரோடு ஒட்டிக்கொண்டார். தோள் சுவரில் உரசிச் சட்டையெல்லாம் சுண்ணாம்பாயிற்று. நடந்தார். ஒரு காலடி அழுத்தமாக விழுந்தது. அடுத்தது இழுத்துக்கொண்டு வந்தது. அவள் பின்பக்கமாக அடி வைத்தாள்.

"வருது" என்றான் புலம்பல், மெதுவாக. "சத்தமும் நல்லா வருது."

திரையில் ஒரு பெண் வெறும் வராந்தாவுக்கு விளக்குக் காட்டிக்கொண்டே பின்வாங்கினாள். யாருமில்லாத இடத்தை நோக்கிக் கையை நீட்டினாள், மடக்கினாள், மறுபடி நீட்டினாள்.