மயில்சாமி கவிழ்த்த டம்ளர்

“பக்கத்துல வந்துட்டேனுங்க” என்று ஒருவர் போனில் சொன்னால் நீங்கள் நம்புவீர்களா?

சோமனூர் பக்கம் கோழிப்பண்ணை வைத்திருக்கும் ராசம்மாள் நம்புவதை நிறுத்திவிட்டார். பல்லடத்திலிருந்து குஞ்சு கொண்டுவரும் டிரைவர் மயில்சாமி எங்கே நின்றாலும் அதைத்தான் சொல்வார். இன்னும் நேரமாகும் என்று சொல்வது அவருக்கு மரியாதைக் குறைவு. போன மாதம் நிஜமாகவே பக்கத்தில் வந்து சொன்னார். கொட்டகையைச் சூடாக்கும் கரியடுப்பை ஒரு மணி நேரம் முன்னால் மூட்டவேண்டும். ராசம்மாள் நம்பவில்லை, மூட்டவும் இல்லை. குளிரில் தொண்ணூறு குஞ்சுகள் செத்தன.

அதனால்தான் என்னைக் கூப்பிட்டார்கள். நான் ஜெஃபின், மார்த்தாண்டத்துக்காரன். சூலூரில் தனியாக அறையெடுத்து இருக்கிறேன். வண்டிகளுக்கு நெட் ரவுட்டர் பொருத்துவது வேலை. மயில்சாமியின் வண்டியில் ஒன்றைப் பொருத்தி, அதில் ஜிபிஎஸ்ஸை ஆன் செய்தேன். எங்கள் சர்வர் முகவரியைக் கொடுத்து, முப்பது நொடிக்கு ஒருமுறை வண்டி இருக்கும் இடத்தை அனுப்பும்படி வைத்தேன். சின்ன ஆன்டெனாவை வண்டிக் கூரைமேல் ஒட்டினேன். ராசம்மாளின் போனில், பல்லடத்தில் நீலப் புள்ளி தெரிந்தது.

குஞ்சு வருவதற்கு முந்தின நாள், தீவன மூட்டையோடு சோதனை ஓட்டம். நான் பண்ணையில் காத்திருந்தேன். புள்ளி பல்லடத்தை விட்டு நகரவே இல்லை.

“ஏனுங் தம்பி, வண்டி பஞ்சராட்ட இருக்குது?” என்றார் ராசம்மாள். அப்போது வாசலில் மயில்சாமி ஹாரன் அடித்தார்.

ராசம்மாள் சிரித்துவிட்டார். “இவன் பல்லடத்துல நின்னுட்டுப் பக்கத்துலன்னுவான். உங்க மிசினு பக்கத்துல நின்னுட்டுப் பல்லடம்ங்குது. நல்ல சோடி!”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. விடிந்தால் குஞ்சு வரும். ரவுட்டரில் நெட் இருந்தது, செட்டிங்கும் சரி. வண்டிக் கூரைமேல் ஏறினேன். ஆன்டெனாமேல் ஒரு எவர்சில்வர் டம்ளர் கவிழ்ந்திருந்தது. சுற்றிலும் எம்சீல் பசை.

“அண்ணே, இது என்ன?”

“வெயில்ல கெடக்குதே பாவம்னு நாந்தான் கவுத்துப்போட்டனுங்க. புது டம்ளருங்க, ஊட்டுல கூடச் சொல்லலை.”

“தகரத்தால மூடினா அதுக்கு வானம் தெரியாதுண்ணே.”

“அட, அதுக்கும் கண்ணு இருக்குதுங்களா!”

டம்ளரைப் பெயர்த்தெடுத்தேன். ஐந்து நிமிடத்தில் புள்ளி பண்ணை வாசலுக்கு வந்தது. வெயில் படுமே என்று மயில்சாமிக்கு மனம் ஆறவில்லை. பிளாஸ்டிக் என்றால் பரவாயில்லை என்றேன். ராசம்மாள் ஊறுகாய் பாட்டிலின் பிளாஸ்டிக் மூடியைக் கொடுத்தார், அதைக் கவிழ்த்தோம். பிறகு அந்த டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்து, அதிலேயே எனக்குக் காபி கொடுத்தார். சூலூர் வந்த ஏழு மாதத்தில் ஒரு வீட்டில் உட்கார்ந்து குடித்த முதல் காபி. ஓரத்தில் எம்சீல் கொஞ்சம் உறுத்தியது. மெதுவாகத்தான் குடித்தேன்.

“நாளைக்குப் போன் பண்ணட்டுங்களா?” என்றார் மயில்சாமி.

“பண்ணு, பண்ணு. நான் புள்ளியப் பாத்துக்கறேன்” என்றார் ராசம்மாள்.

மறுநாள் காலை ஐந்தரைக்குப் புள்ளி பல்லடத்தை விட்டுக் கிளம்பியது. உடனே மயில்சாமி போன் செய்து, பக்கத்தில் வந்துவிட்டதாகச் சொன்னார். ராசம்மாள் புள்ளியைப் பார்த்து அடுப்பை மூட்டினார். ஆறே முக்காலுக்கு வண்டி வந்தது. இரண்டாயிரம் குஞ்சுகளை இறக்கினார்கள். ஒன்றும் சாகவில்லை.