கொடி இறங்கிய பந்தல்

சுரங்கத்துக்குப் போகும் சாலையோரம் பணி நிரந்தரம் கேட்டு ஒப்பந்தத் தொழிலாளர்கள் உட்கார்ந்திருந்த பந்தலைப் பிரிக்கச் சொல்லி, கமர் நிஷாவுக்குக் கட்சியிலிருந்து உத்தரவு வந்தது. மறுநாள் அமைச்சர் அந்த வழியாக வருகிறார்.

அந்தப் பந்தலைப் போட்டதே அவள்தான். கட்சியின் நகர மகளிரணிச் செயலாளர். கணவர் அப்துல் வாஹித்தின் பாத்திரக் கடையில் உட்கார்ந்ததைவிட ஊர்வலங்களில் நடந்ததுதான் அதிகம். எதிர்க்கட்சியாக இருந்தபோது மாவட்டச் செயலாளர் பன்னீர்செல்வம் இதே பந்தலில் மைக்கைப் பிடித்து, "நாங்க வந்தா எல்லாரும் பெர்மனென்ட்" என்றார். அதையே சொல்லித்தான் அவள் சுரங்கக் குடியிருப்பில் பிளாக் பிளாக்காக ஓட்டு கேட்டாள். கட்சி ஜெயித்தது. யாரும் பெர்மனென்ட் ஆகவில்லை. ஆள் எடுக்கும் கான்ட்ராக்ட் மட்டும் பன்னீர்செல்வத்தின் மச்சான் கைக்குப் போனது.

மாலையில் பன்னீர்செல்வமே காரில் வந்து இறங்கினார். பந்தலுக்குள் பார்த்தார்.

"ஏம்மா, சொல்லி அனுப்பியும் இன்னும் குந்திகினு இருக்காங்களே?"

"நான்தாண்ணே இருக்கச் சொன்னேன்."

"மந்திரி வர்ற வழிம்மா. கட்சி மானம் போவும்."

"இவங்களுக்குக் குடுத்த வாக்கு போனப்பவே அது போயிடுச்சுண்ணே."

அவர் முகம் மாறியது. "உன்னை மேடையேத்தினது யாரு? எந்தக் கொடிக்குக் கீழ நின்னு பேசற?"

கமர் நிஷா பந்தல் முகப்பில் கட்டியிருந்த கம்பத்தருகே போய்க் கயிற்றை அவிழ்த்தாள். கொடியை மண்ணில் படாமல் இறக்கி, மடித்து, அவர் கையில் வைத்தாள்.

"இது உங்களுது. எடுத்துட்டுப் போங்க. பந்தல் இவங்களுது, இங்கயேதான் இருக்கும்."

"யோசிச்சுக்கோ. நாளைக்குப் பொறுப்பு இருக்காது."

"யோசிச்சுட்டுத்தாண்ணே அவுத்தேன்."

கார் போனதும் வளர்மதி பக்கத்தில் வந்து நின்றாள். சுரங்கத்தில் கன்வேயர் பெல்ட்டுக்கு அடியில் சிந்தும் மண்ணை அள்ளுகிறவள். "எங்களால உங்களுக்கு ஏங்கா இந்தப் பொல்லாப்பு?" என்றாள்.

"என்னை நம்பித்தானே நீ ஓட்டு போட்ட?" என்றாள் கமர் நிஷா. அதற்குமேல் பேசினால் அழுதுவிடுவோம் என்று பயந்து, தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

காலையில் வாட்ஸ்அப்பில் அறிவிப்பு வந்தது: கட்சிக் கட்டுப்பாட்டை மீறியதால் நீக்கம். அப்துல் வாஹித் அதைப் படித்துக் காட்டிவிட்டு, "வருத்தமா இருக்கா?" என்று கேட்டார்.

"இருக்குங்க. பாதி வயசு அங்கதானே போச்சு." புடவை மடிப்பைச் சரிசெய்துகொண்டாள். "கடையை நீங்க பார்த்துக்கோங்க. நான் கிளம்பறேன்."

அவள் போவதற்குள் கட்சிக்காரர்கள் வந்து கீற்றுகளைப் பிய்த்துப் போட்டிருந்தார்கள். வெறும் மூங்கில்கள் நின்றன. ஆனால் ஒருவரும் எழுந்து போகவில்லை. மகளிரணியிலிருந்து பாப்பாவும் கஸ்தூரியம்மாளும்கூட வெயிலில் வந்து உட்கார்ந்திருந்தார்கள்.

அமைச்சரின் கார்கள் தூரத்தில் தெரிந்தன. எல்லாரும் எழுந்து அவளைப் பார்த்தார்கள். தலைவர் பெயரைச் சொல்லித்தான் அவளுக்குக் கோஷம் தொடங்கிப் பழக்கம். வாய் திறந்தவள் ஒரு கணம் தடுமாறினாள். பிறகு தொண்டை கிழியக் கத்தினாள்:

"சுரங்கத்துல சாவறது நாங்க!"

"பெர்மனென்ட் எங்க?" என்று சாலையே திருப்பிக் கேட்டது.

கார்கள் நிற்கவில்லை. கடைசி கார் மறையும்வரை அவளும் நிறுத்தவில்லை.