என் கையெழுத்துப் போட்ட கடைசிப் பக்கம்

ஓடெல் டிராமெல் இறந்து நாலு மாதம் கழித்து, அவர் சொன்ன சாட்சியத்தையும் கொன்றார்கள். அதற்கு என் கையெழுத்தையே பயன்படுத்தினார்கள்.

நான் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கும் நீதிமன்றச் சுருக்கெழுத்தாளர். இருபத்திரண்டு வருடமாக வக்கீல் கேட்பதையும் சாட்சி சொல்வதையும் ஒரு சொல் பிசகாமல் இயந்திரத்தில் தட்டி எடுக்கிறேன். யார் பக்கமும் சாயக்கூடாது என்பதில் நான் கொஞ்சம் கிறுக்கு. வேகிராஸ் ஊரில் ஓடெல் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் வாக்குமூலம் எடுத்தபோது, அவர் மனைவி வெர்லீன் ஒரு துண்டு கேக்கை நீட்டினார். வழக்குப் போட்டவர் வீட்டில் கை நனைக்கக் கூடாது என்று மறுத்துவிட்டேன். அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது.

ஓடெல் முப்பது வருடம் காகித ஆலையில் கொதிகலன் குழாய்களுக்குக் கல்நார், அதாவது ஆஸ்பெஸ்டாஸ், சுற்றியவர். நுரையீரல் புற்றுநோய். முகமூடி கேட்டதற்கு மேஸ்திரி சிரித்ததை, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு சொன்னார். அவர் இருமுவதைக் கேட்கத் தாங்காமல் வெர்லீன் பின்வாசலுக்குப் போய்விட்டார். வாக்குமூலம் எடுத்த ஒன்பதாம் நாள் ஓடெல் இறந்தார். ஆலைக்கு எதிராக அந்த அம்மாவிடம் வேறு சாட்சியே இல்லை.

விசாரணை நாளில் ஆலையின் காப்பீட்டுக் கம்பெனி வக்கீல் பிராண்ட் எழுந்தார். அந்த வாக்குமூலம் செல்லாது என்றார். அதை எடுத்தவர் வேலை பார்க்கும் நிறுவனம் காப்பீட்டுக் கம்பெனியோடு வருட ஒப்பந்தம் போட்டிருக்கிறதாம். வழக்கில் ஒரு தரப்போடு ஒப்பந்தம் உள்ளவர் எடுத்த வாக்குமூலத்தை எங்கள் சட்டம் ஏற்காது.

ஒப்பந்தம் போட்டது இவர்கள். அந்த வீட்டுக்கு என்னை அனுப்பச் சொன்னதும் இவர்கள். இப்போது அதையே காட்டி அழிக்கச் சொல்வதும் இவர்கள்.

நீதிபதி என்னைக் கூண்டில் ஏற்றினார். அந்த ஒப்பந்தம் பற்றி எனக்குத் தெரியாது என்றேன். பிராண்ட் வாக்குமூலத்தின் கடைசிப் பக்கத்தை நீட்டினார். எந்தத் தரப்போடும் எனக்கோ என் நிறுவனத்துக்கோ ஒப்பந்தமில்லை என்ற உறுதிமொழி. அது கணினியில் தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் பக்கம். ஆயிரம் தடவை கையெழுத்துப் போட்டிருப்பேன், ஒருதடவைகூட நிறுத்தி யோசித்ததில்லை. ஊரார் சொல்லையெல்லாம் காது கூர்மையாகக் கேட்டவள், நானே சொன்னதைக் கேட்கவில்லை.

இடைவேளையில் என் முதலாளி மார்லிஸுக்குப் போன் போட்டேன்.

"ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சேரும்போது குடுத்த பேப்பர்ல நாலாம் பக்கத்துல இருக்கே, கண்ணு. படிக்காம கையெழுத்துப் போட்டது யாரு?"

படிக்கவில்லைதான்.

தவறு செய்தவர்களே அதில் லாபம் பார்க்கலாமா என்று வெர்லீனின் வக்கீல் தொண்டை வற்றக் கத்தினார். சட்டத்தில் விதிவிலக்கு இல்லை என்று நீதிபதி தலைகுனிந்தபடியே வாக்குமூலத்தைத் தள்ளினார். யாரும் யாருக்கும் விலைபோகக் கூடாது என்று எழுதிய சட்டம், விலைக்கு வாங்கியவனுக்கே காவல் நின்றது.

வெளியே பெஞ்சில் வெர்லீன் தனியாக உட்கார்ந்திருந்தார். மன்னிப்புக் கேட்கப் போனேன். அதற்குள் அந்த அம்மாவே பேசினார்.

"அப்ப அவரு சொன்னதெல்லாம் பொய்யின்னு ஆயிருச்சா, மேடம்?"

"இல்லம்மா. நான் எழுதினதுதான் செல்லாது. அவரு சொன்னது நெசம்."

"நான் வெளிய போயிட்டேன். முழுசாக் கேக்கவே இல்ல. படிச்சுக் காட்டுவீங்களா?"

பையிலிருந்த பிரதியை எடுத்து, பக்கத்தில் உட்கார்ந்து வாசித்தேன். பதினேழாம் பக்கத்தில் நிறுத்தினேன். அடுத்து வருவது எனக்கு மனப்பாடம். தூசி ஆபத்தென்று தெரிந்தும் ஏன் வேலையை விடவில்லை என்று அன்று அந்தச் சாப்பாட்டு மேசையில் பிராண்ட் கேட்ட இடம் அது. என் தொழிலில் ஒரு வரியையும் நான் விட்டதில்லை. அன்றைக்கு விட்டுவிடத் துடித்தேன்.

"என்ன நிறுத்திட்டீங்க?"

வாசித்தேன். "என் பொண்டாட்டிக்கு சர்க்கரை வியாதி. அவ ஊசி மருந்து ஆலை குடுத்த மருத்துவக் காப்பீட்டுலதான் வந்துச்சு. வேலைய விட்டா அவ செத்துருப்பா."

வெர்லீன் தன் உள்ளங்கைகளைத் திருப்பிப் பார்த்தார்.

"அடுத்த கேள்விய படிங்க," என்றார்.