தூக்குகிறவனுக்கு ஒரு வரி

பீளமேட்டில் கனகம் டீச்சர் வீட்டில் எண்பது பக்க நோட்டு ஒன்று நூற்றுப்பத்து கிலோ இருந்தது. முக்குக் கடையில் வாங்கிய சாதாரண நோட்டுதான். எழுத எழுதத்தான் கனம் ஏறியது. கல்லூரியில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற டீச்சர், உலகத்தை ஆட்டுவிக்கிற நாலு விசைகளையும் ஒரே கணக்கில் கொண்டுவரப் பதினெட்டு வருசமாக முயன்றுகொண்டிருந்தார். மின்காந்தமும் அணுவுக்குள் வேலை செய்கிற இரண்டும் ஒருமாதிரி ஒத்துப்போயின. பூமி இழுக்கிற இழுப்பு மட்டும், பங்காளியோடு கோபித்துக்கொண்டவன் விசேஷத்துக்கு வந்தும் பந்தியில் உட்காராமல் நிற்பதுபோலத் தனியாக நின்றது. கணக்கு தப்பத் தப்ப நோட்டு கனத்தது. மேசைக்கால் ஒடிந்தது, டைல்ஸ் விரிசல் விட்டது.

அதை வேறு அறைக்கு மாற்றப் பக்கத்து ஏரியா கணபதியிலிருந்து லோடுமேன் பாலுசாமி வந்தார். மோட்டார் பம்புப் பட்டறைகளில் முப்பத்தைந்து வருசம் சுமை ஏற்றி இறக்கியவர். நாற்பத்தேழு வயதில்தான் எழுத்துக்கூட்டக் கற்றுக்கொண்டார். நோட்டில் இருந்ததை அவரால் படிக்க முடியவில்லை. அந்தத் தெருவில் யாராலும் முடியாது என்பதால் அவருக்கு அதில் வருத்தமில்லை. தோளில் ஏற்றி நாலடி வைத்ததும் நின்றுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், பாரம் ஒரு பக்கமா இழுக்குதுங்க. நடுவுக்குக் கொஞ்சம் பின்னால ஏதோ தப்பாக் கெடக்குது."

டீச்சர் புரட்டிப் பார்த்தார். நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் ஒரு கழித்தல் குறி விட்டுப்போயிருந்தது. அதைப் போட்டதும் நோட்டு ஏழு கிலோ குறைந்தது.

அதிலிருந்து சனிக்கிழமைதோறும் பாலுசாமி வந்தார். டீச்சர் எழுதுவார், அவர் தூக்குவார், தப்பு இருக்கிற பக்கத்தைத் தோள் சொல்லும். கனம் அறுபதுக்கு இறங்கும். புதிதாக ஒன்றை எழுதினால் தொண்ணூறுக்கு ஏறும். ஆறு வருசம் இப்படிப் போனதில் பாலுசாமியின் முதுகு வளைந்துவிட்டது. இன்னொரு தடவை பாரம் தூக்கினால் அப்புறம் நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். முழங்கால் தேய்ந்த அவர் மனைவி சென்னியம்மாள் ஆட்டோ பிடித்து டீச்சர் வீட்டுக்கே வந்தார்.

"உங்க கணக்கு அடுத்த வருசங்கூட முடியுமுங்க. எம்பட ஊட்டுக்காரருக்கு முதுகு ஒண்ணுதானுங்க."

டீச்சர் நோட்டை மூடிவைத்தார். இனி தொடுவதில்லை என்று வாக்குக் கொடுத்தார். பாலுசாமிக்குத்தான் மனசு கேட்கவில்லை. சுமையை எங்கே வைப்பது என்று அவருக்குச் சொன்னவர்கள் ஏராளம். சுமை எப்படி இருக்கிறது என்று கேட்டவர் டீச்சர் ஒருவர்தான். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். நோட்டைத் தொடாமல் அதற்கு எதிரே உட்கார்ந்து யோசித்தார்.

"லாரிய எடைமேடையில ஏத்தறப்ப எங்களையெல்லாம் எறங்கச் சொல்லிருவாங்க. நீங்களும் கணக்க அப்படித்தான் போட்டுட்டீங்களாட்ட இருக்குதுங்க."

"எப்படிங்க?"

"இதுல பூமி இருக்குது, சூரியன் இருக்குதுங்கறீங்க. தூக்கறவன் எங்கீங்க?"

டீச்சர் சிரித்துவிட்டார். "இருபத்திநாலு வருசமா எறக்கி உட்டுட்டே இருந்திருக்கறனுங்க."

கடைசிப் பக்கத்தில் தூக்குகிறவனுக்கென்று ஒரு வரி சேர்த்தார். மை காய்வதற்குள் நோட்டு மேசையிலிருந்து ஒரு விரற்கடை எழும்பி நின்றது. அதே சமயம் பாலுசாமியின் முதுகிலிருந்தும் ஏதோ இறங்கிப்போனது. நிமிர்ந்து நின்றார். பிறகு குனிந்து தரையைத் தொட்டுக் கும்பிட்டார். இத்தனை காலம் பூமி இழுத்தது, இவர் தூக்கினார். இரண்டு பேரும் அவரவர் வேலையைத்தான் செய்தார்கள்.

டீச்சர் அதைக் கட்டுரையாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பினார். சரிதான் என்று பதில் வந்தது. அச்சில் பாலுசாமியின் பெயர் மட்டும் தமிழில் இருந்தது. அவர் எழுத்துக்கூட்டி இரண்டு தடவை படித்துக்கொண்டார்.

அடுத்த செவ்வாய்க்கிழமை, ஒன்பது வருசமாக மலையேறாத சென்னியம்மாளைத் தோளில் உட்காரவைத்துச் சென்னிமலைப் படி ஏறினார். ஒரு முழம் பூவின் கனங்கூட இல்லை. பாதிப் படியில் சென்னியம்மாள், "போதுமுங்க, எல்லாரும் பாக்கறாங்க" என்றார். யாரும் பார்க்கவில்லை. சுமையோடு வருகிறவருக்கு ஒதுங்குவதுபோல ஒதுங்கி, அவரவர் படியை ஏறிக்கொண்டிருந்தார்கள்.