இரும்ப வெளிய வச்சிட்டு வாங்க

பட்டாளத்தில் இருந்து திரும்பிய செல்லப்பாண்டிக்கு ஊரில் இரண்டு பெருமை. ஒன்று, சிவகாசியில் ஒரு பேங்க் வாசலைக் காக்கிற உத்தியோகம். இன்னொன்று, அதற்காக லைசென்ஸ் வாங்கிய ரெட்டைக்குழல் துப்பாக்கி. வேலையில் சேர்ந்ததிலிருந்து அதை ஒரு தடவைகூட வெடித்ததில்லை, துடைத்து வைப்பதோடு சரி. துடைக்கிற நேரத்தில் பாதியைப் பெண்டாட்டியோடு பேசக் கொடுத்திருந்தால் வீட்டில் சண்டை குறைந்திருக்கும்.

அன்றைக்கு லீவு. மத்தியானச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது தம்பி பெண்டாட்டி இருளம்மாள் அவிழ்ந்த கொண்டையோடு ஓடி வந்தாள்.

"அத்தான், அவுகள உள்ள வச்சு அடைச்சிட்டாளுக! கம்பெனியச் சுத்தி ஒரே கூட்டமாம். கொளுத்தப் போறாகளாம். துப்பாக்கிய எடுத்துட்டு வாங்கத்தான்!"

செல்லப்பாண்டியின் தம்பி கதிரவன், ஆனைக்குட்டம் தாண்டி ஒரு பட்டாசுக் கம்பெனியில் போர்மேன். போன வாரம் அங்கே ஒரு ரூமில் தீப்பிடித்து ஆறு பெண்கள் கருகிப்போனார்கள். தீபாவளி சீசன், ஆர்டர் கழுத்தை நெரிக்கிறது. தண்ணீர் குடிக்க, ஒதுங்க என்று பெண்கள் அடிக்கடி வெளியே போகிறார்களாம். அதனால் பின்கதவைப் பூட்டிச் சாவியை மடியில் செருகிக்கொண்டான் கதிரவன். ஊருக்கே தெரியும். கேஸில் மட்டும் அவன் பெயர் வரவில்லை. பூட்டியதைப் பார்த்தவர்களில் பேசக்கூடியவர் யாரும் மிஞ்சவில்லை.

செல்லப்பாண்டிக்கும் தெரியும். தெரிந்தும் ஒரு வாரமாகத் தம்பியிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் அவன் பொய் சொல்லுவான், அதை நம்ப வேண்டியிருக்கும். அந்தக் கஷ்டம் எதற்கு என்று இருந்துவிட்டார்.

போலீசுக்குப் போன் போட்டால், ஆட்களெல்லாம் வேறு ஊருக்குப் பந்தோபஸ்துக்குப் போயிருக்கிறார்கள், வரச் சாயங்காலமாகும் என்றார்கள். பெண்டாட்டியின் தம்பி பெத்தணனைக் கூப்பிட்டார். அவன் மக்காச்சோளக் காட்டில் பன்றி விரட்டுகிறவன். கரிமருந்து போட்டு, தேங்காய் நாரை அடைத்து இடித்து வெடிக்கிற நாட்டுத் துப்பாக்கி வைத்திருந்தான். இருவரும் மொபெட்டில் கிளம்பினார்கள்.

"யோசிக்க என்ன மச்சான் இருக்கு? வானத்தப் பாத்து ஒரு வெடி. கூட்டம் கலைஞ்சிரும்" என்றான் பெத்தணன்.

"கலையலேன்னா?"

"இன்னொரு வெடி."

"அதுக்கும் கலையலேன்னா எங்கனலே சுடுவ?"

பெத்தணன் ஆக்சிலேட்டரை முறுக்கினான்.

"ஏலே, நாம போலீசு இல்ல. எனக்கு லைசென்ஸ் குடுத்தது பேங்கு வாசலுக்கு, ஒனக்குப் பன்னிக்கு" என்றார் செல்லப்பாண்டி.

"அப்ப எதுக்கு மச்சான் தூக்கிட்டு வாறீக? வீட்டுல வச்சிட்டு வந்திருக்க வேண்டியதுதான?"

தம்பி உயிர் போய்விடக் கூடாது. அது ஒன்றுதான் அவர் மனதில் இருந்தது. வேண்டுமென்றால் சுடவும் செய்வார். அதைத் தன் வாயால் சொல்லத்தான் பயமாக இருந்தது.

கம்பெனிக்கு எதிரே கரிசல் மேடு ஒன்று உண்டு. பெத்தணனை அதில் நிறுத்தினார். "நான் போயிப் பேசிப் பாக்கேன். ஆகலேன்னா துண்டத் தலைக்கு மேல தூக்குவேன். அப்ப மட்டும் வெடி" என்றார். பெத்தணன் மருந்தைப் பற்றவைக்கிற கேப் ஒன்றை எடுத்துத் துப்பாக்கியில் மாட்டிக்கொண்டான்.

செல்லப்பாண்டி மேட்டிலிருந்து இறங்கிக் கேட்டுக்குப் போனார். அப்போதுதான் உறைத்தது, சத்தமே இல்லை. கூட்டமென்றால் கூச்சல் இருக்கும், ஒப்பாரி இருக்கும். இங்கே காக்காய்கூடக் கத்தவில்லை. உச்சி வெயிலில், கரி படிந்த அந்த ரூமுக்கு முன்னால் நூற்றுக்கணக்கான பேர் நின்றார்கள். பக்கத்துக் கம்பெனிகளில் வேலையைப் போட்டுவிட்டு அப்படியே வந்தவர்கள். முடி, புருவம், கன்னம், கை எல்லாம் பட்டாசுக்குப் போடுகிற வெள்ளி மருந்து. முகங்கள் தகதகவென்று மின்னின, யார் எவர் என்று அடையாளம் தெரியவில்லை. கண்கள் மட்டும் கறுப்பாக அவரைப் பார்த்தன. அவர் நடக்க நடக்க எல்லாத் தலைகளும் கூடவே திரும்பின.

கேட்டைத் தாண்டி நாலு எட்டு வைத்ததும் காலில் மண் சுட்டது. குனிந்து பார்த்தார். செருப்பு இல்லை. எப்போது கழற்றினார் என்று அவருக்கே தெரியவில்லை.

திரும்பிப் பார்த்தார். கேட்டோரம் செருப்புகள் ஜோடி ஜோடியாக, நீள வரிசையாகக் கிடந்தன. கடைசியில் அவருடையதும் இருந்தது. செருப்புகளின் மேல் கொண்டை ஊசி, ஊக்கு, இரும்புச் சாவிக்கொத்து. பட்டாளத்துக்குப் போகும் முன் அவரும் வெடிமருந்து ரூமில் வேலை பார்த்தவர்தான். செருப்பையும் இரும்பையும் கழற்றி வைத்துவிட்டு இந்தச் சனம் போகிற இடம் ஒன்றே ஒன்று. மருந்து இருக்கிற இடம்.

அந்நேரம் பார்த்து நான்கு பெண்கள் ஈரத்துணி போட்டு மூடிய பிளாஸ்டிக் டப்புகளைத் தூக்கிக்கொண்டு ரூமுக்குப் போனார்கள். இழுக்கவில்லை, உரசவில்லை. டப்புக்கு இரண்டு பேராகத் தூக்கி, தொட்டில் பிள்ளையை வைப்பதுபோல் வாசலில் இறக்கினார்கள். மருந்தைத்தான் அப்படி வைப்பார்கள். தம்பி இருக்கிற ரூம் வாசலில் மருந்து. அவர் கையில் இரும்பு. பின்னால் மேட்டில் பெத்தணன். அவன் வெடித்தால் எரிகிற நார் பறக்கும், ஒரு பொறி இங்கே விழுந்தாலும் போதும். தம்பியோடு இத்தனை வெள்ளி முகங்களும் சேர்ந்து போகும்.

வியர்வை கண்ணில் இறங்கி எரிந்தது. தோளில் துண்டு இருக்கிறது, துடைக்கப் பயம். கை கொஞ்சம் உயர்ந்தாலும் அந்த அவசரக்காரன் வெடித்துவிடுவான். கத்தினாலும் தப்பாக எடுத்துக்கொள்வான். ஓடவும் முடியாது. மருந்து பக்கத்தில் ஓடக் கூடாது என்பது சின்ன வயதிலேயே காலில் ஏறிய பாடம். கண்ணை இடுக்கிக்கொண்டு, காலைத் தூக்கித் தூக்கி வைத்துத் திரும்பி நடந்தார். இவ்வளவு மெதுவாக அவர் செத்த வீட்டுக்குக்கூட நடந்ததில்லை. மேட்டில் ஏறி, பெத்தணன் துப்பாக்கியிலிருந்து கேப்பைப் பிடுங்கித் தன் பைக்குள் போட்டார்.

"மருந்து வச்சிருக்காகலே. வண்டிய எடுத்துட்டுப் போயிரு."

பெத்தணன் இஞ்சினைப் போடாமலே வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

அவர் மறுபடி கேட்டுக்கு வந்தபோது ஒரு வெள்ளி முகம் கூட்டத்திலிருந்து விலகி எதிரே வந்தது. குரலை வைத்துத்தான் ஆள் தெரிந்தது. பொன்மணி. செத்துப்போன ஆறு பேரில் வயதில் சின்னவளான மாரிசெல்வி இவள் மகள்.

"வாங்கண்ணே. இரும்ப வெளிய வச்சிட்டு வாங்க" என்றாள், விருந்தாளியைக் கூப்பிடுகிறவள் மாதிரி.

செருப்பு வரிசையின் ஓரத்தில் துப்பாக்கியை வைத்தார். கூட்டம் சத்தமில்லாமல் விலகி வழி விட்டது. வாசலுக்குப் போய், செத்தாலும் சாவோம் என்று குனிந்து டப்பின் துணியை விலக்கினார்.

மஞ்சள் தண்ணீர்.

அடுத்ததிலும் மஞ்சள் தண்ணீர்தான். வேறு எதுவுமில்லை.

"மருந்து... மருந்துன்னு நெனச்சேன். துண்டத் தூக்கினா மேட்டுல இருந்து வெடிக்கச் சொல்லியிருந்தேன், அதான் தூக்கல" என்றார்.

"மருந்தா? நாங்க எதுக்கு வைக்கப் போறோம்ணே? எங்க பிள்ளைக உசுரு போன எடம். கழுவி விடலாம்னு வந்தோம். இங்கன செருப்புக் காலோட எப்பிடி நிக்க? உங்க தம்பி சாமான் எடுக்க வந்தாக. போலீசு வார வரைக்கும் இந்த ரூமுல உக்காருங்க, பூட்டுனத உங்க வாயால சொல்லுங்கன்னோம். நாங்களும் போலீசுக்குத்தாண்ணே காத்துக் கெடக்கோம்."

"பூட்டத் தொறந்து விடுங்க, நான் பேசுதேன்."

"பூட்டலண்ணே. சும்மா சாத்தித்தான் இருக்கு."

தள்ளினார். கதவு திறந்துகொண்டது. உள்ளே கதிரவன் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு மூலையில் குந்தியிருந்தான். வெளியே வர அவனை யாரும் தடுக்கவில்லை. ஆனாலும் வரவில்லை.

"அண்ணே, தட்டுறாளுகண்ணே. பின்கதவ விடாம தட்டுறாளுக."

"வெளிய எல்லாரும் இந்தப் பக்கந்தானலே நிக்காக."

"வெளிய இருந்து இல்லண்ணே. உள்ள இருந்து."

செல்லப்பாண்டி காதைத் தீட்டிக் கேட்டார். ஒன்றும் கேட்கவில்லை. கண்தான் பார்த்தது. பின்கதவின் உட்பக்கம், கரிக்குள் கைகள் பதிந்திருந்தன. ஒன்றின்மேல் ஒன்றாக, மேலேயும் கீழேயும். கீழே இருந்ததில் ஒன்று ரொம்பச் சின்னக் கை. கதிரவனின் வேட்டி மடிப்பிலிருந்து சாவியை உருவி எடுத்தார். ஒரு வாரமாகக் கேட்காத கேள்வியை இப்போதும் அவர் கேட்கவில்லை. இனிக் கேட்க என்ன இருக்கிறது?

வெயில் தாழ்ந்தபோது போலீஸ் வண்டி வந்தது. சாவியைக் கொடுத்து, "எந்தம்பிதான் பூட்டுனான்" என்று செல்லப்பாண்டியே சொன்னார். கதிரவன் தலையைத் தூக்கவில்லை. வண்டி கிளம்பிய பிறகு பெண்கள் ரூமைக் கழுவினார்கள். பிறகு ஒவ்வொருத்தராகக் கேட்டோரம் வந்து, துப்பாக்கியில் கால் படாமல் விலகி நின்று, செருப்பை மாட்டிக்கொண்டு வேனில் ஏறினார்கள். வரிசை கரைந்துகொண்டே வந்தது.

கடைசியில் அவரும் பொன்மணியும் மட்டும் நின்றார்கள். அவரவர் செருப்பைப் போட்டுக்கொண்டார்கள். அதன் பிறகும் துப்பாக்கிக்குப் பக்கத்தில் ஆறு ஜோடி மிச்சமிருந்தது. போன வாரம் காலையில் கழற்றிவிட்டு உள்ளே போனவர்களுடையது. மழையும் புழுதியும் பட்டு மங்கிக் கிடந்தன. ஓரத்தில் ஒரு சின்ன நீல ரப்பர் செருப்பு.

பொன்மணி அதை எடுக்கவில்லை.

"மருந்து இல்ல, வெறுந்தண்ணிதான்னு முன்னாலயே தெரிஞ்சிருந்தா, துண்டத் தூக்கியிருப்பீகளாண்ணே?" என்று மட்டும் கேட்டாள்.

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தார். பொய் சொல்ல வரவில்லை. வேன் டிரைவர் ஹாரன் அடித்தான். அவள் பதிலுக்குக் காத்திருந்துவிட்டு ஏறிப் போனாள். செல்லப்பாண்டி குனிந்து துப்பாக்கியைத் தொட்டார். வெயிலில் கிடந்து இரும்பு இன்னும் கொதித்துக்கொண்டிருந்தது.