கடைப் போனின் இரைச்சல்

மாவு ஒட்டிய கையோடு ரிசீவரை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி உம்மா கூடத்திலிருந்து கூப்பிட்டாள். "உன் காக்காதான், மறுபடியும். என்னளா அது, டவுன்லோடா பிரசவமா? நேத்துலருந்து வலி எடுத்துக்கிட்டே கெடக்கு, புள்ளையக் காணோம்."

ஹுதா பால்கனியில் காய்ந்த துணிகளை எடுத்துக்கொண்டிருந்தாள். அவசரப்படவில்லை. அண்ணன் ஆஸிமின் சட்டையைக் கொடியிலிருந்து உருவி, காலரைப் பிடித்து ஓங்கி உதறினாள். பித்தான் ஒன்று கம்பியில் பட்டுத் தெறித்துக் கீழே எங்கோ போய் விழுந்தது. தேட வேண்டும் என்று தோன்றவில்லை. சட்டையை நாற்காலியில் போட்டுவிட்டு வந்து ரிசீவரை வாங்கினாள்.

"சொல்லு."

"தொண்ணூத்தேழுல வந்து நிக்கு ஹுதா. நீ காலையில சொன்னது எல்லாம் செஞ்சிட்டேன். பழைய ஃபோல்டரை அழிச்சாச்சு. டிஸ்க்குல எடம் இருக்கு. ஆன்டி வைரஸையும் நிறுத்தியாச்சு. தொண்ணூத்தேழுக்கு வருது, எர்ரர்னு ஒரு பெட்டி வருது, பொறவு மொதல்லருந்து எண்ண ஆரம்பிச்சிருது."

"ஒரு மெஷின்லதான எறக்குத?"

"எல்லாத்துலயும் போட்டேன். ஏதாவது ஒண்ணுலயாவது முடியுமேன்னு."

"ஒரு கொழாயில எட்டு பேரு தண்ணி புடிச்சா எந்தக் கொடம் நெறையும்? மத்ததை எல்லாம் நிறுத்து. ஒண்ணுல எறக்கிட்டு அதுலருந்து மத்ததுக்குக் காப்பி பண்ணணும். போன தடவையும் சொன்னேன்."

"இரு, வச்சிராத."

ரிசீவரை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. பிறகு சற்றுத் தள்ளி அவன் குரல். கடையில் பேசும் ஹிந்தி, வீட்டில் பேசுவதைவிட ஒரு சுற்றுப் பெருத்த குரல். எல்லா மெஷினையும் நிறுத்துங்கள், ஒன்றில் இறக்கி மற்றவற்றுக்கு நகல் எடுப்பதுதான் முறை, ஒரே குழாயில் எட்டுப் பேர் தண்ணீர் பிடித்தால் எந்தக் குடம் நிறையும் என்றான். யாரோ ஒருவன் "ஸஹி பாத் ஹை, ஆஸிம் பாய்" என்று மெச்சினான். ஆஸிம் சிரித்தான்.

குடத்தைக்கூட விட்டுவைக்கவில்லை. ஹுதா ரிசீவரை மறுகாதுக்கு மாற்றிக்கொண்டாள்.

ஆகுர்டி ஸ்டேஷன் சாலையில் அந்தக் கடையை வாப்பா எடுத்தது லுங்கி, துண்டு வியாபாரத்துக்கு இன்னொரு கிளையாக. பிம்ப்ரிக் கடையில் ஓடிய சரக்கு ஆகுர்டியில் ஓடவில்லை. ஆஸிம் அதை நெட் கஃபே ஆக்கினான். அதுவும் முதல் வருடம் ஓடவில்லை. மெஷின்கள் நின்றுபோகும், நின்றால் மெக்கானிக் வரும்வரை அப்படியே கிடக்கும். பி.காம் முடித்துவிட்டு வீட்டில் இருந்த ஹுதா, சாப்பாட்டு டப்பா கொண்டுபோன ஒரு நாள், நின்றுபோன மெஷின் ஒன்றைத் திறந்து பார்த்தாள். அன்றைக்கு அதை இன்னும் கொஞ்சம் கெடுத்தாள். அடுத்த வாரம் சரிசெய்தாள். படிக்கக் கையில் கிடைத்ததை எல்லாம் படித்தாள். என்ஜினீயரிங் மாணவர்கள் முதலில் அவள் கீபோர்டைத் தொட்டாலே முகத்தைச் சுளித்தார்கள். அவர்களே பிறகு விளையாட்டு நடுவில் அறுந்தால் நாற்காலியை விட்டு எழாமல் "தீதி!" என்று அக்காவைக் கூப்பிடுவதுபோல் கத்தினார்கள். ஞாயிற்றுக்கிழமைப் போட்டி அவள் யோசனை. சுற்றுவட்டாரக் கல்லூரி அணிகளை எல்லாம் அழைத்து, ஒரு நாள் முழுக்க ஒரே விளையாட்டு. போஸ்டரை அவள்தான் வரைந்தாள். அதில் ஆஸிமின் பெயரையும் கடை நம்பரையும் பெரிதாகப் போட்டவளும் அவள்தான். தன் பெயர் வேண்டும் என்று அப்போது நினைக்கவே இல்லை.

போன மாதம், ஆஸிமுக்குப் பேசியிருக்கும் பெண்ணின் வாப்பா மும்பையிலிருந்து சொல்லாமல் கொள்ளாமல் கடைக்கு வந்தார். ஹுதா அப்போது மேசைக்கு அடியில் இருந்தாள். துப்பட்டாவை இடுப்பில் முடிந்துகொண்டு, வாயில் ஒரு ஸ்க்ரூ டிரைவரைக் கடித்துக்கொண்டு, சுவரோரம் போகும் வயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். தேஜஸ் என்ற மாணவன் டார்ச் பிடித்துக்கொண்டிருந்தான். அவள் பின்னால் நகர்ந்து, முழங்காலில் தூசியோடு வெளியே வந்து நிமிர்ந்தபோது பளபளக்கும் இரண்டு ஷூக்கள் எதிரே நின்றன.

"இது யாரு, தம்பி?" என்று அவர் ஆஸிமிடம் கேட்டார்.

ஆஸிம் அவரைப் பார்த்தான். அவளைப் பார்த்தான். "இருங்க மாமா, டீ வாங்கிட்டு வாரேன்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

நான் அவன் தங்கச்சி என்று அவளே சொல்ல வேண்டியிருந்தது. அவர் நல்ல மனிதர். சிரித்தார். டீ குடித்தார். ராத்திரி வாப்பாவிடம் போனில், உங்க பொண்ணு ரொம்பத் தைரியம் என்றாராம். அவ்வளவுதான் சொன்னார். வாப்பா போனை வைத்துவிட்டு வெகுநேரம் டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். டிவி அணைந்திருந்தது.

மறுநாள் காலையில் உம்மா, "இன்னைக்கு நீ போவ வேண்டாம், வீட்டுல வேலை கெடக்கு" என்றாள். அடுத்த நாளும் வேலை கிடந்தது. அதற்கடுத்த நாள் வியாழக்கிழமை, வாராவாரம் அன்று கடைப் பக்கம் கரன்ட் இருக்காது. வெள்ளிக்கிழமை யாரும் எதுவும் சொல்லவில்லை, ஆனால் வாசலில் அவள் செருப்பு ஷெல்ஃபின் மேல்தட்டில், விருந்தாளிகளின் குடைகளுக்குப் பின்னால் எடுத்து வைக்கப்பட்டிருந்தது. இனிமேல் நீ கடைக்கு வராதே என்று யாரும் ஒரு முழு வாக்கியமாக அவளிடம் சொல்லவே இல்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பாள். யாரோடு சண்டை போடுவது என்று தெரியாமல் ஒரு மாதமாகத் துணிகளோடும் பாத்திரங்களோடும் போட்டுக்கொண்டிருக்கிறாள். உம்மா இரண்டு கண்ணாடி டம்ளர்களை இழந்துவிட்டாள், ஒன்றும் கேட்கவில்லை.

ஆஸிமும் ஒன்றும் சொல்லவில்லை. முதல் நாள் ராத்திரி கடையிலிருந்து வந்து, சாப்பிட்டுவிட்டுப் படுத்தான். இரண்டாம் நாள் போன் பண்ண ஆரம்பித்தான்.

இன்றைக்குச் சனிக்கிழமை. நாளை போட்டி. விளையாட்டின் புதிய அப்டேட் இல்லாமல் அணிப் பையன்கள் உட்கார மாட்டார்கள். இன்று மாலைக்குள் இறங்காவிட்டால் கல்லூரிக்கு எதிரே இருக்கும் இன்னொரு கஃபேக்குப் போய்விடுவார்கள், அங்கே அது நேற்றே இறங்கிவிட்டது.

"ஹலோ, இருக்கியா?" ஆஸிம் திரும்பி வந்தான். "நிறுத்திட்டேன். இப்ப ஒண்ணே ஒண்ணுதான். ஆனா அது ஒரு புள்ளிகூட நகரலயே."

"மோடத்துல வெளக்கு எப்படி இருக்கு?"

"ரெண்டு எரியுது. மூணாவது அணைஞ்சிருக்கு."

"எப்பலருந்து?"

"எப்பப் பாத்தாலும் அப்படித்தான் இருக்கு. காலையில உன்கிட்ட பேசும்போது பாத்தேன், அப்பவும் அணைஞ்சிருந்துச்சு. நேத்து பேசும்போதும்."

ஹுதா அடுத்த கேள்வியைக் கேட்க வாயெடுத்து நிறுத்தினாள். நேற்றிலிருந்தே கடைப் போனில் ஓர் இரைச்சல் இருந்தது. வாணலியில் தண்ணீர் தெளித்த மாதிரி, ஓயாத ஒரு சீறல். லைன் கோளாறு என்று நினைத்திருந்தாள். இப்போது அந்தச் சீறலைக் கவனித்துக் கேட்டாள்.

"போன் எங்க வச்சிருக்க?"

"கல்லா மேசையில. உள்ளே நீ உக்காருத எடத்துல இருந்தா எனக்குக் கேக்க மாட்டேங்கு. நேத்து சுவத்துலருந்து புது வயர் இழுத்து முன்னாடி கொண்டாந்துட்டேன்."

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அந்தச் சுவரும் அதிலிருந்து வரும் கம்பியும் கண்ணுக்குள் தெரிந்தன. கம்பியில் போனும் நெட்டும் ஒன்றாக வரும். அவற்றை இரண்டாகப் பிரித்து அனுப்ப அவள் மேசைக்குப் பின்னால் தீப்பெட்டி அளவில் ஒரு வெள்ளை டப்பா உண்டு. போன் வயர் அதன் வழியாகத்தான் போக வேண்டும். ஆஸிம் அதை விட்டுவிட்டு நேராகச் சுவரிலிருந்து இழுத்திருக்கிறான். இனி அந்தப் போனை யார் எடுத்தாலும் நெட் அறுந்துபோகும். அப்டேட் வந்துவிட்டதா என்று ஹாஸ்டலிலிருந்து ஒவ்வொரு அணியும் கூப்பிடும் போதெல்லாம் அறுந்திருக்கும். கூப்பிடாதபோது தொண்ணூற்றேழுவரை வந்திருக்கும். கடைசிக் கோப்பு பெரியது, அங்கே கொஞ்சம் தயங்கத்தான் செய்யும், பொறுத்திருந்தால் தாண்டிவிடும். அந்தத் தயக்கத்தில் ஆஸிம் பயந்துபோய் ரிசீவரை எடுத்து அவளைக் கூப்பிடுகிறான். அந்த நொடியில் எல்லாம் போய்விடுகிறது.

அவளைக் கூப்பிடுவதுதான் கோளாறு. இப்போது இந்தப் பேச்சு நடந்துகொண்டிருக்கும் வரை ஒரு புள்ளி நகராது.

சிரிப்பு வந்தது. பழைய வயரையே திரும்பப் போடு என்று ஒரு வரி சொன்னால் போதும். நாக்கு நுனிவரை அது வந்தது. பழக்கம்தான். எது கெட்டாலும் சரியாக்கிவிட்டுத்தான் அவள் கைக்கு மறுவேலை ஓடும்.

"ஹுதா?"

"யோசிக்கேன், இரு."

அப்போது கடைக்குள்ளிருந்து தேஜஸின் குரல் கேட்டது. இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். தமிழும் ஹிந்தியும் ஒரே மூச்சில் கலந்து பேசுவான். "பாய், தீதிக்கு போன்ல என்ன கேக்குறீங்க, நேரா கூப்பிடுங்க நா. அவங்க வந்தா தோ மினிட்ல ஆயிடும். ஒரு மஹீனாவா ஆளையே காணோம், கஹான் ஹை தீதி?"

ஆஸிம் ரிசீவரைக் கையால் மூடினான். சரியாக மூடவில்லை.

"தபியத் கராப் ஹை. பொஹோத் வீக் ஹோ கயீ ஹை. டாக்டர் பெட் ரெஸ்ட்டுனு சொல்லிருக்காரு."

ஹுதா நின்ற இடத்திலேயே நின்றாள். அடுப்படியில் உம்மா சப்பாத்திக் கட்டையை உருட்டும் சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. எதிரே அலமாரிக் கண்ணாடியில் தன்னைப் பார்த்தாள். துணி உதறிச் சிவந்த கைகள், வியர்த்த நெற்றி. இவளுக்குத்தான் உடம்பு சரியில்லையாம். ஒரு மாதமாக ஆகுர்டியில் அத்தனை பேரிடமும் அவள் படுத்துக் கிடந்திருக்கிறாள். அவர்கள் பாவம் என்றிருப்பார்கள். போட்டி நன்றாக நடந்தால் அதையும் சொல்வார்கள், தீதி பாவம், இதைப் பார்க்க முடியாமல் போய்விட்டது என்று.

"ஹுதா, ஒண்ணு சொல்லுதேன், கோவப்படாத." அவன் குரல் தணிந்திருந்தது, ரிசீவரை வாயோடு ஒட்டி வைத்திருந்தான். "நீயே ஒரு தடவை வந்துரு. பசங்களை டீக்கு அனுப்பிட்டு ஷட்டரை எறக்கிருதேன். பின்பக்கம் சந்து வழியா வா. பாத்துட்டு உடனே போயிரலாம். ஒருத்தனுக்கும் தெரியாது."

"என்ன தெரியக் கூடாது?"

"அதான். நீ வந்தது."

"பெட் ரெஸ்ட்ல இருக்கவ எப்படி வருவா?"

ரிசீவர் அவன் கையில் இடம் மாறும் சரசரப்பு கேட்டது.

"நான் வாரேன், காக்கா. முன்வாசல் வழியா வாரேன். ஷட்டர் தெறந்திருக்கட்டும், பசங்களும் இருக்கட்டும். நீ அவங்ககிட்ட சொல்லு, என் தங்கச்சி வாரா, அவதான் சரி பண்ணுவான்னு. சொல்லு. எனக்குக் கேக்கணும். ரிசீவரை மூடாம சொல்லு."

சீறல் மட்டும் வந்தது. அதற்குப் பின்னால் யாரோ மேசையில் விரலால் தாளம் போட்டார்கள்.

"என்ன காக்கா, டீ வாங்கப் போறியா?"

"ஹுதா." அவன் மூச்சை இழுத்து விட்டான். "நிக்காஹ் முடியட்டும். அதுவரைக்கும்தான். பொறவு பாத்துக்கலாம்ல. அவங்க வாப்பா என்ன நெனைப்பாரு? நான் ஒண்ணும் உன்னை வேண்டாம்னு சொல்லலயே. எப்பவாவது சொன்னேனா? நான் ஒரு வார்த்தை சொன்னேனா?"

"இல்ல," என்றாள். "நீ ஒரு வார்த்தைகூடச் சொல்லல."

அடுப்படியிலிருந்து உம்மா எட்டிப் பார்த்தாள். இடது கையால் போனை வைத்துவிட்டு வரும்படி ஜாடை காட்டினாள். ஹுதா அவளையே பார்த்தாள். உம்மாவின் கை பாதியில் தாழ்ந்தது. அவள் திரும்பி உள்ளே போய்விட்டாள். உருட்டும் சத்தம் அதன் பிறகு கேட்கவில்லை.

போஸ்டர் நினைவுக்கு வந்தது. மூன்று நாள் உட்கார்ந்து வரைந்தது. பச்சையும் கறுப்பும். நாளைக்கு அதே அணிப் பையன்கள் வேறொரு கடையில் வேறொருவனின் நாற்காலிகளில் உட்கார்ந்து விளையாடுவார்கள். அது அவனுடைய நஷ்டம் மட்டுமில்லை என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டாலோ, இன்னும் சிறிது நேரத்தில் மூன்றாவது விளக்கு எரியும், அவன் குரல் மறுபடி ஒரு சுற்றுப் பெருக்கும், அந்த வெள்ளை டப்பாவைப் பற்றி எல்லோருக்கும் விளக்குவான். பிறகு அவளைத் தேடி இந்தப் போன் அடிக்காது.

"ஏதாவது சொல்லு, ஹுதா. பசங்க பையைத் தூக்கிக்கிட்டு நிக்கானுவ."

அவள் சொல்லவில்லை. அவனும் வைக்கவில்லை; அங்கே மூன்றாவது விளக்கு அணைந்தே கிடக்கும். ஒரு நாற்காலி தரையில் இழுபட்டது. பிறகு இன்னொன்று. மராட்டியில் இரண்டு பேர் ஏதோ பேசிக்கொண்டே வாசல் பக்கம் போனார்கள். ஒரு பைக் உதைபட்டு, கிளம்பாமல், மறுபடி உதைபட்டது. ஆஸிமின் மூச்சு இரைச்சலோடு கலந்து ஏறி இறங்கிக்கொண்டிருந்தது.

ஹுதா ரிசீவரைத் தோளுக்கும் காதுக்கும் இடையில் இடுக்கிக்கொண்டு, சுருள் வயர் எட்டும் தூரம்வரை நகர்ந்து, சுவரில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்தாள். கால்களை நன்றாக நீட்டிக்கொண்டாள்.