தந்தை அல்லது கணவர்

உலகம்மாளுக்கு வடக்கே ஒரு பல்கலைக்கழகத்தில் கணிதம் பயில இடம் கிடைத்ததென்பதைத் தென்காசியில் அவள் தெருவார் எவரும் முதலில் நம்பவில்லை. அச்சிட்ட கடிதத்தைக் கண்ட பிறகே நம்பினர். கடிதத்துடன் மகளிர் விடுதியில் அறை கேட்பதற்கான படிவமும் வந்திருந்தது. வெளியூரிலிருந்து தனித்து வரும் பெண் விடுதியில்தான் தங்கவேண்டும். அறை இல்லையேல் வகுப்பும் இல்லை. படிவத்தின் அடியில் ‘தந்தை அல்லது கணவர் கையொப்பம்’ என்றொரு வரி இருந்தது.

அவள் தந்தை இறந்து ஆறு ஆண்டுகள் ஆகியிருந்தன. கீழப்பாவூரில் இருந்த மூன்று கோட்டை விதைப்பாட்டு நிலத்தை அவள் தாய் முப்பிடாதியம்மாள்தான் பயிரிட்டுவந்தாள். தீர்வையும் குத்தகைச் சீட்டும் அவள் கையொப்பத்தாலேயே நடந்தன. சர்க்காருக்குப் போதுமாயிருந்த அக்கையொப்பம் ஓர் அறைக்குப் போதவில்லை, படிவம் திரும்பிவந்தது. தாய்மாமன் கையொப்பமிட்டு அனுப்பினார், அதுவும் திரும்பிற்று. நீதிமன்றத்தின் வழியே சட்டப்படி ஒரு பாதுகாவலரை நியமிக்கலாம், ஆனால் தை மாதம் ஆகிவிடும் என்றார் வக்கீல். அறைக்குரிய கடைசி நாளோ ஆடி முதல் தேதி.

“செத்த மனுசனை எங்கன போயிக் கூட்டியாருதது? புருசனைன்னா கூட்டியாரலாம்லா!” என்றாள் முப்பிடாதியம்மாள்.

அவள் அண்ணன் மகன் சங்கிலிப்பாண்டி போலீசில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. முறைப்படி உலகம்மாளுக்கு உரியவன் அவனே. லீவில் வந்தவன் நேராக அவளிடமே சொன்னான்:

“ஒரு கையெழுத்துதான? நூறு போடுதேன். ரெண்டு வருசம் நீ படிச்சு முடிட்டி. அதுவரைக்கும் நான் போலீஸ் லைன் சோத்தைத் திங்கேன்.”

“ஒங்க கையெழுத்து அவுகளுக்குப் புரியணுமே அத்தான். கோழி கிண்டுன மாதிரில்லா இருக்கு!”

“கோழி கிண்டுனாலும் புருசன் புருசன்தாம்லா!”

ஆனி இருபதாம் தேதி திருமணம் நடந்தது. விடுதிக் காப்பாளர் தாணுப்பிள்ளை சாரலுக்காகக் குற்றாலத்தில் தங்கியிருக்கிறார் என்று அறிந்து, தபாலை நம்பாமல் மூவரும் படிவத்தோடு அவர் இறங்கியிருந்த பங்களாவுக்கே சென்றனர்.

தாணுப்பிள்ளை படிவத்தைப் படித்தார். பிறகு உலகம்மாளின் கழுத்தைப் பார்த்தார்.

“கல்யாணம் ஆயிட்டுதா?”

“ஆமாய்யா. நீங்க கேட்ட கணவர் இவருதான்” என்றாள் தாய், பெருமையோடு.

“அடடா! கல்யாணமான பொண்ணை விடுதியில வைக்க மாட்டோமே. பதினோராவது விதி. கன்னிப் பிள்ளைக இருக்கப்பட்ட இடம்லா.”

“பொறவு எதுக்குய்யா கணவர்னு அச்சடிச்சிய?” என்று கேட்டான் சங்கிலிப்பாண்டி.

“அது எல்லாருக்கும் பொதுவான படிவம். புருசனோட அந்த ஊர்லயே குடியிருந்துக்கிட்டு வகுப்புக்கு வாற பொண்ணுகளும் அதுலதான் எழுதுதாங்க. ஒமக்கு அங்க மாத்தல் கிடைக்குமா?”

“நான் சாதாக் கான்ஸ்டபிள்யா. ஜில்லாவைத் தாண்டி யாரு மாத்துவா?”

உலகம்மாள் பேசினாள்: “ஆம்பிளைப் பிள்ளைக விடுதியில கல்யாணம் ஆனவங்க இல்லையாய்யா?”

“பாதிப் பேரு ஆனவந்தான். போன மாசங்கூட ஒருத்தனுக்குப் பிள்ளை பொறந்துதுன்னு விடுதி முழுக்கச் சீனி கொடுத்தான்” என்று சிரித்தார் அவர்.

“அவங்களுக்குப் பதினோராவது விதி கிடையாதா?”

“அது வேற, இது வேறம்மா.”

எது வேறு, எதனால் வேறு என்று அவர் விளக்கவில்லை. அவ்விதியை எழுதியவர்களைக் கேட்டாலும் விளக்கியிருக்கமாட்டார்கள். காரணம் கூறும் கடமை தமக்கு உண்டென்று கருதுவோர் இத்தகைய விதியை எழுதவே துணியார்.

“தாலியைக் கழத்தி வச்சிட்டு வந்தா அறை கொடுப்பியளா?” என்றாள் உலகம்மாள்.

முப்பிடாதியம்மாள் பதறி மகளின் வாயைப் பொத்தினாள். தாணுப்பிள்ளை மட்டும் அக்கேள்வியையும் அலுவல் முறையிலேயே ஆராய்ந்தார்.

“கழத்திட்டா அப்புறம் கையெழுத்துப் போட ஆளு யாரு?” என்று கூறிப் படிவத்தைத் திருப்பி நீட்டினார்.

வெளியே சாரல் வலுத்திருந்தது. தலையில் எண்ணெய் வழிய அருவிக்குப் போவோரை விலக்கிக்கொண்டு சங்கிலிப்பாண்டி முன்னால் நடந்தான். வண்டிப்பேட்டை வந்ததும் நின்று, மனைவியைப் பாராமல் பேசினான்.

“அத்தை, அவ பெட்டியை நாளைக்கே எங்க வீட்டுக்கு அனுப்பிருங்க. படிச்ச வரைக்கும் போதும்.”

“நான் அப்பா கூடப்பொறந்த அத்தை வீட்டுலேருந்து பாளையங்கோட்டையில இன்டர்மீடியட் படிச்ச மாதிரி, அடுத்த வருசம் வேற எங்கனயாவது...” என்று தொடங்கினாள் உலகம்மாள். “படிக்க வைக்கேன்னு சொன்னியள்லா அத்தான்?”

“சொன்னேன். கழத்துதேன்னு நீ ஊரான் முன்னால சொல்லுததுக்கு முந்தி சொன்னது அது.”

உலகம்மாள் தாயைப் பார்த்தாள். மூன்று கோட்டை நிலத்தை ஆண்டவள், குத்தகைக்காரர்களை ஒரு சொல்லால் அடக்குபவள், ஈரத் தரையைப் பார்த்தவாறு நின்றாள். மகள்மீது தன்னைவிட அதிக உரிமை பெற்ற ஒருவனை இருபதே நாளில் தேடிக் கொண்டுவந்தவள் அவளே. இனி எந்த உரிமையைக் கொண்டு அவனை மறுப்பாள்?

“மாப்பிளை சொல்லுததைக் கேளுட்டி” என்றாள்.

“வண்டியில ஏறு” என்றான் சங்கிலிப்பாண்டி.

உலகம்மாள் ஏறினாள்.